நேர்ந்துவிட்ட கிடாவும் வெறும் தட்டுகளும்

புதிதாக ஆய்வுக்கூட வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். கிருமி வளர்க்கும் தட்டு வெறுமையாக இருப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்களா? கிருமி மொய்த்த தட்டைப் பார்த்து முகம் சுளித்திருப்பீர்கள், நாற்றம் பொறுக்காமல் மூடியைச் சாத்தியிருப்பீர்கள். ஒன்றுமே முளைக்காத தட்டென்றால் நமக்கெல்லாம் நிம்மதிதான். ‘வளர்ச்சி இல்லை’ என்று கணினியில் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். நானும் என் உத்தியோக காலம் முழுக்க அப்படி நிறைய டீ குடித்தவன். ஒரு நாள் காலை, ஈப்போவில், ஒரு வெறும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு அந்தப் பயம் வந்தது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அது முழுதாகப் போகவில்லை.

கதையில் வருகிறவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றச் சொன்னார்கள், மாற்றிவிட்டேன். ஒருவர் மட்டும் மாற்றுப் பெயர்கூட வேண்டாம் என்றார். அவரை நாங்கள் எல்லாரும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நான் யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பத்துப் பிள்ளை. அப்பா ரயில்வேயில், சித்தப்பா கல்வி இலாகாவில். எங்கள் வீட்டில் சான்றிதழ் இல்லாதவன் சாப்பாட்டு மேசையில் உட்காரவே கூச்சப்பட வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பின் ஈப்போவில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். கிருமி வளர்க்கும் அறைக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். அக்காவைக் காட்டினார்கள். என்ன படித்திருக்கிறார் என்று கேட்டேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அக்கா. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் புட்டி கழுவும் வேலை கிடைத்தது. கழுவிய நேரம் போக, அங்கே கிடந்த பழைய மருத்துவப் புத்தகங்களை அகராதியை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறார். நுண்ணோக்கியில் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது அப்போதுதான். பிறகு தோட்டத்தை விற்றார்கள், மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள், ஆஸ்பத்திரியும் மூடியது. ஈப்போவுக்கு வந்து, எங்கள் முதலாளியின் அப்பா நடத்திய சின்ன ஆய்வுக்கூடத்தில் மறுபடியும் புட்டி கழுவினார்.

அந்த நாளில் தனியார் கூடங்களில் யாரும் கிருமி வளர்க்கவில்லை. மாதிரிகளைக் கோலாலம்பூருக்கு அனுப்புவார்கள். போய்ச் சேர்வதற்குள் பாதி செத்துவிடும். அக்கா யாரிடமும் கேட்கவில்லை. கொதிக்கவைத்துச் சுத்தம் செய்ய இட்லிக் கடையில் வேண்டாமென்று ஒதுக்கிய பெரிய பிரஷர் குக்கர், சூட்டில் வைத்து வளர்க்கக் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி. இரண்டையும் பின்கட்டில் வைத்துக்கொண்டு தானே வளர்க்க ஆரம்பித்துவிட்டார். பெரிய முதலாளி செட்டிநாட்டுக் குடும்பத்துக்காரர், எதையும் வீணாக்கினால் பிடிக்காது. ஒரு நாள் கண்டுபிடித்து, “என்ன ஆத்தா, என் கடையில கோழிப்பண்ணை வச்சிருக்க?” என்று கத்தினாராம். அக்கா ஒரு தட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, “இது உங்க டாக்டர் ஒரு வாரமா தேடுற கிருமி” என்றாராம். மறு வாரமே இன்னொரு குக்கர் வந்தது.

அடக்கமானவர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அடக்கத்துக்கும் அக்காவுக்கும் தூரத்து உறவுகூடக் கிடையாது. “நான் பாத்தா பாத்ததுதான்” என்பது அவர் வாய்ப்பாட்டு. நான் சேர்ந்த புதிதில் லகாட் என்ற ஊரிலிருந்து ஒரு மாதிரி வந்தது. ஈயம் தோண்டிவிட்ட பழைய குட்டையில் மீன் வளர்ப்பவர், தொடையில் சீழ்க்கட்டி. தட்டில் மங்கலாக ஏதோ முளைத்திருந்தது. தூசி விழுந்து வளர்ந்ததாக இருக்கும், எறிந்துவிடலாம் என்று சொல்வதுதான் எங்கும் வழக்கம். அக்கா எறியவில்லை. மறுபடி பெட்டியில் வைத்தார், அடுத்த நாளும் வைத்தார். அது வயசான கை மாதிரி சுருங்கிச் சுருங்கி வந்தது. “மண்ணுக்குள்ள இருக்கிற கிருமி தம்பி. ஆள அமைதியா தின்னும்” என்றார். மருந்தை மாற்றினார்கள், மனிதர் பிழைத்தார். தீபாவளிக்குத் தீபாவளி திலாப்பியா மீன் அனுப்புவார்.

அதிலிருந்து ஈப்போவிலிருந்து கமுந்திங் வரை டாக்டர்கள் எங்கள் காகிதத்தைப் பார்த்தால் மறு கேள்வி கேட்பதில்லை. அக்கா ரிசல்ட்டா, அப்படியானால் சரி. இப்படி ஒரு பெயர் வாங்க அவருக்கு ஒரு ஆயுள் பிடித்தது. அந்தப் பெயர்தான் பிற்பாடு எங்களைப் பயமுறுத்தியது.

கோவிட் வந்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்ட காலம். உங்களுக்கு நினைவிருக்கும். சாலையில் நாய்கூட இல்லை, திருப்பத்துக்குத் திருப்பம் போலீஸ் தடுப்பு. கிள்ளானிலிருந்து லாரியில் வரும் ரத்தத் தட்டுகள் நின்றுவிட்டன. ரத்தம் கலந்த கூழில்தான் சில கிருமிகள் வாய் திறக்கும் என்பது உங்களுக்கே தெரியும். எங்களிடம் கூழ்ப் பொடி இருந்தது, ரத்தம் இல்லை.

“ஆடு இருக்குல்ல” என்றார் அக்கா. “அந்தக் காலத்துல லாரியா வந்துச்சு? ஆட்டு ரத்தத்துலதான் நான் தொழிலே கத்துக்கிட்டேன்.”

எந்த ஆடு என்பதிலும் அவருக்குக் குழப்பமில்லை. பாக்கியம் என்று அவருடைய சிறுவயதுத் தோழி, அதே தோட்டத்துக்காரர். தோட்டம் விற்ற பிறகு கொடுத்த தாமான் குடியிருப்பு வீட்டில் மருமகள் தேன்மொழியோடு இருந்தார். மகன் சிங்கப்பூரில் வேலை பார்த்தவன், எல்லையை மூடியதும் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டான். தேன்மொழிக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது தங்கியதும் பாக்கியம் தோட்டத்து முனியாண்டிக்குக் கிடா நேர்ந்துவிட்டார். ஏழாம் மாதம் வெட்டுவதாகப் பேச்சு. அதற்குள் கோயிலை மூடிவிட்டார்கள். கிடா கொல்லையிலேயே நின்றது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. ஈப்போவில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் இடம் பிடித்துக் கொடுத்ததே அக்காதான். சாமிக்குக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அனுமதிக் கடிதத்தைக் காட்டிக் காட்டித் தடுப்புகளைத் தாண்டி, நான்தான் காரோட்டினேன். கிடா கொல்லையில் நின்றது. கழுத்தில் சிவப்புத் துணி, நெற்றியில் மஞ்சள், மயிர் பளபளவென்று இருந்தது. நேர்ந்துவிட்ட கிடாவை யாரும் அடிக்கமாட்டார்கள், கண்டதைத் தின்னவிடமாட்டார்கள். இதைவிடச் சுத்தமான ஆடு பேரா மாநிலத்திலேயே கிடைக்காது என்று அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“சாமி கிடாவாச்சேக்கா” என்று பாக்கியம் இழுத்தார். “குத்தலாமா?”

“ஒரு டம்ளர் ரத்தம்தான் புள்ள. ஒம்மருமவ மாரி பத்து பொம்பளைக்கு ஒதவும். முனியாண்டி வேணாங்கும்ங்கிற?”

பாக்கியம் கிடாவின் கொம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பயபக்தி என்று நினைத்தேன்.

தட்டுகளை ஊற்றினோம். சோதிக்காமல் ஒரு தட்டையும் அக்கா வெளியே விடமாட்டார். வழக்கமாகச் சோதனைக்கு வைத்திருக்கும் கிருமிகளில் பாதி, புதிது வராமல் குளிர்பெட்டியிலேயே செத்துப்போயிருந்தன. சங்கிலி சங்கிலியாக வளரும் ஸ்ட்ரெப் கிருமியும் அதில் ஒன்று. பிரசவ ஜன்னிக்குக் காரணமான கிருமி அது. கைவசம் இருந்தது பொன்னிறத்தில் வளரும் இன்னொரு கிருமிதான், பென்சிலினுக்கெல்லாம் பயப்படாத முரட்டு ஜாதி. அதைத் தடவி வைத்தோம். மறுநாள் தட்டு முழுக்கத் தங்கக் காசு இறைத்த மாதிரி வளர்ந்து கிடந்தது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “பாத்தீங்களா தம்பி? லாரி வராட்டி போவட்டும்லா.”

அடுத்த இரண்டொரு நாளில் தேன்மொழிக்குக் காய்ச்சல். கோவிட் இல்லை, டெங்கியும் இல்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் பிரசவப் பாதையிலிருந்து மாதிரி எடுத்து எங்களுக்கு அனுப்பிவிட்டு, கிருமிக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். ரத்தத்திலிருக்கும் கிருமியை வளர்க்கும் புட்டிகளும் தீர்ந்துபோயிருந்த நேரம், ஆகவே அந்த ஒரு மாதிரிதான். அக்காவே தன் கையால் தடவினார். தட்டில் ஒன்றும் வளரவில்லை. மறுநாளும் வைத்துப் பார்த்தார், அப்போதும் ஒன்றுமில்லை. ‘வளர்ச்சி இல்லை’ என்று கையெழுத்துப் போட்டபோது அவர் முகத்தில் எவ்வளவு சந்தோஷம்! பாக்கியத்துக்குத் தானே போன் போட்டு, “ஒண்ணுமில்ல புள்ள, சுத்தமா இருக்கு” என்றார்.

டாக்டர் அந்தக் காகிதத்தை நம்பினார். பால் கட்டியதால் வந்த காய்ச்சலாக இருக்கும் என்று முடிவு செய்து, ஊசியை நிறுத்தி, கோவிட் காலத்தில் ஆஸ்பத்திரியில் கிடப்பது ஆபத்து என்று தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலைதான் நான் முதலில் சொன்ன தட்டு. பாகான் செராயிலிருந்து வந்த ஒரு சிறுவனின் தொண்டை மாதிரி. தட்டு வெறுமையாக இருந்தது. நான் ‘வளர்ச்சி இல்லை’ என்று தட்டப் போனேன். அக்கா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“இது எங்க எடுத்தது?”

“ஒரு பையனோட தொண்டை.”

“பையன் உசிரோட இருக்கானா?”

“என்னக்கா இது, இருக்கான்லா. தொண்டை வலி, அவ்வளவுதான்.”

“உசிரோட இருக்கிறவன் வாயில ஒண்ணுமே இல்லாம இருக்குமா தம்பி?”

தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். வாயில் கிருமி இல்லாத மனிதன் கிடையாது. நோய் இருக்கிறதோ இல்லையோ, சாதாரண ஸ்ட்ரெப் வகைகள் எல்லார் தொண்டையிலும் குடியிருக்கும். தொண்டை மாதிரி போட்ட தட்டு காலியாக இருந்தால் தொண்டை சுத்தம் என்று அர்த்தமில்லை. தட்டு செத்துவிட்டது என்று அர்த்தம். சிறு பிள்ளைக்கும் புரியக்கூடிய விஷயம், என் கண்ணில் படவில்லை. அக்கா எறியவிருந்த பழைய தட்டுகளை மேசையில் பரப்பினார். அந்த ரத்தத்தில் ஊற்றிய தட்டுகளில் முரட்டுக் கிருமிகள் மட்டும்தான் வளர்ந்திருந்தன. ஸ்ட்ரெப் ஜாதி ஒன்றில்கூட இல்லை. அவர் பஞ்சுக்குச்சியை எடுத்துத் தன் வாயிலேயே விட்டுத் துடைத்து, ஒரு புதுத் தட்டில் தடவிப் பெட்டியில் வைத்தார். அது சொல்லும். ஆனால் நாளைக்குத்தான் சொல்லும்.

“தேனு” என்றார், தேன்மொழியை நினைத்து. அவ்வளவுதான் சொன்னார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார். அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததே அதிகமில்லை.

முதலாளியைக் கூப்பிட்டேன். இப்போதிருப்பவர் பெரியவரின் மகன், நல்ல மனிதர். தட்டுகளைப் பார்த்து வெளிறிப்போனார். “அக்கா, ஒரு நாள்லா. நாளைக்கு உங்க தட்டு என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு எல்லாருக்கும் முறையா தெரிவிச்சுருவோம். தப்பா அலாரம் அடிச்சா யாருக்கா நம்மள நம்புவான்? உங்க பேருதான் முதல்ல போகும்.”

அவர் சொன்னது நியாயம்தான். எந்தக் கையேடும் அதைத்தான் சொல்லும். உறுதி செய், பிறகு தெரிவி. அக்கா போனை எடுத்தார்.

தேன்மொழியைப் பார்த்த டாக்டர் அம்மா எடுத்தவுடன், “நான் குடுத்த ரிசல்ட்ட கிழிச்சுப் போடுங்க” என்றார். “தேன்மொழி ரிசல்ட். என் தட்டு சரியில்ல.”

“என்ன சொல்றீங்க அக்கா? நிச்சயமா?”

“நிச்சயம் இல்ல டாக்டர். நாளைக்குத்தான் நிச்சயம். ஆனா கிருமி இல்லன்னு நான் சொன்னதுக்கு இப்ப ஆதாரமே இல்ல. அந்தப் புள்ளைக்கு மறுபடி ஊசி போடுங்க.”

 பிறகுதான் டாக்டர் சொன்னார், நேற்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று.

அக்கா பாக்கியத்தைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

“காச்ச நல்லா விட்டுருச்சுக்கா” என்றார் பாக்கியம் சந்தோஷமாக. “ஒடம்பு சில்லுனு இருக்கு. நல்லா தூங்குறா. புள்ள அழுதாக்கூட எந்திரிக்க மாட்டேங்குறா, அம்புட்டு அசதி.”

இத்தனை வருடத் தொழிலில் நான் கேட்ட வாக்கியங்களிலேயே பயங்கரமானது அதுதான். சொல்கிறவருக்கு அது நல்ல சேதி. கேட்ட எங்களுக்கு அப்படியில்லை. காய்ச்சல் விட்டு உடம்பு சில்லிட்டு, கூப்பிட்டாலும் எழாமல் கிடந்தால், விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று பொருள்.

“எழுப்பு” என்று அக்கா கத்தினார். “கன்னத்துல தட்டு. தண்ணி தெளி. எழுப்புடி!”

கட்டில் கிறீச்சிடும் சத்தமும், “தேனு, தேனும்மா” என்று பாக்கியம் கூப்பிடுவதும், பிள்ளை வீறிட்டு அழுவதும் கேட்டன. தேன்மொழியின் குரல் மட்டும் கேட்கவில்லை. நான் என் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். முகவரியை இரண்டு முறை தப்பாகச் சொன்னேன். முதலாளிதான் என் கையிலிருந்து போனை வாங்கிச் சொன்னார். சற்றுமுன் ஒரு நாள் பொறுக்கச் சொன்னவர் அவர்தான் என்பதை இங்கே மறக்காமல் எழுதுகிறேன்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அக்கா போனை வைக்கவில்லை. நடுவில் ஒரு முறை கேட்டார். “புள்ள, அந்தக் கிடாவுக்கு ஊசி கீசி ஏதாச்சும் போட்டியா?”

“இல்லக்கா” என்றார் பாக்கியம். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

அன்று பொழுது சாய்வதற்குள், அந்தத் தட்டுகளில் பார்த்த ஒவ்வொரு மாதிரிக்கும், டாக்டர் டாக்டராக அக்காவே போன் செய்தார். ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தைதான்: என் தட்டு சரியில்லை, என் ரிசல்ட்டை நம்பாதீர்கள். சில பேர் நன்றி சொன்னார்கள். ஒருவர், “படிக்காத ஆளுகிட்ட பொறுப்ப குடுத்தா இப்படித்தான் ஆகும்” என்று அக்கா காதிலேயே சொன்னார். அக்கா, “சரிங்க டாக்டர், அந்த நோயாளிக்கு மறுபடி மாதிரி எடுங்க” என்று மட்டும் சொல்லி அடுத்த எண்ணை அழுத்தினார்.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தோம். அக்காவின் வாய் மாதிரி போட்ட தட்டு, கழுவித் துடைத்த தரை மாதிரி இருந்தது. அவர் சொன்னது சரி. அதைப் பார்த்து நாங்கள் யாரும் சந்தோஷப்படவில்லை.

ஆம்புலன்ஸ் கொண்டுபோன பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த மாதிரியில் ஸ்ட்ரெப் அள்ளிக்கொண்டு வளர்ந்திருந்தது. தேன்மொழியைத் தீவிர சிகிச்சையில் வைத்திருந்தார்கள். கருப்பையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் அதுவும் இல்லை என்று அங்கிருந்த டாக்டர் பிறகு சொன்னார். கையேட்டின்படி ஒரு நாள் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 

அன்று மத்தியானம் பாக்கியமே போன் செய்தார். அழுகையில் பேச்சு பிடிபடவில்லை. பிள்ளை பிறந்த வாரத்தில் கிடாவுக்கு மார்ச்சளி கட்டி இரைத்திருக்கிறது. நேர்ந்த கிடா கடன் தீர்வதற்குள் செத்தால் மருமகளுக்கு ஆகாது என்று பயந்து, மாடு வளர்க்கிற பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஊசி போட்டிருக்கிறார். நாங்கள் போன அன்றைக்கு முந்தின நாளும் போட்டிருக்கிறார். பல நாள் உடம்பில் தங்குகிற பென்சிலின். நோய்ப்பட்ட கிடா சாமிக்கு ஆகாது என்று யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஊசி மருந்து கிடாவின் ரத்தம் வழியாக எங்கள் தட்டுக்கு வந்து, தேன்மொழியின் கிருமியைத் தட்டிலேயே சாகடித்துவிட்டது. அவள் உடம்பில் இருந்ததை யார் சாகடிப்பது?

மருமகள் பிழைக்க வேண்டும் என்று போட்ட ஊசி.  அக்கா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அழுவாத. இத யாருகிட்டயும் சொல்லாத. தேனுகிட்ட சொல்லவே சொல்லாத” என்று வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. “டாக்டருங்ககிட்ட சொல்லுங்கக்கா! உங்க பேருல தப்பில்லன்னு தெரியட்டும். படிக்காத ஆளுன்னு பேசுறான் அந்த டாக்டரு.”

“ஊசி போட்டது அவ” என்றார். “ஆட்டுக்கு என்ன குடுத்தேன்னு கேக்காம குத்தி எடுத்தது நானு. மீன்காரரு தட்டுல மொளச்சது தூசின்னு நம்பாம ரெண்டு நாளு வச்சிருந்தவ, சாமி கிடான்னதும் ஒரு வார்த்த கேக்கல. ரத்தம் எடுத்த பெறகு கேட்டு என்ன ஆவப்போவுது?”

லாரி மறுபடி ஓடத் தொடங்கியதும் தட்டுகள் கிள்ளானிலிருந்தே வந்தன. கையெழுத்துப் போடும் பொறுப்பை என்னிடம் மாற்றினார்கள். சில டாக்டர்கள் வேறு கூடத்துக்குப் போய்விட்டார்கள். ஈப்போவின் தனியார் கூடங்களில் முதன்முதலில் கிருமி வளர்த்த கை, அதற்குப் பிறகு என் மேசைக்குத் தட்டுகளை அடுக்கிக் கொண்டுவந்து வைத்தது. கிசுகிசு பேசியவர்களுக்கு அக்கா ஒரு பதிலும் சொல்லவில்லை. அவருடைய வாய் எவ்வளவு பெரியது என்று தெரிந்த எனக்கு, அந்த மௌனம்தான் எல்லாவற்றிலும் பெரிய அதிர்ச்சி.

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். தட்டைச் சோதித்தீர்களா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பீர்கள். நாங்களும் சோதித்தோம். எதற்கும் சாகாத கிருமியை வைத்துச் சோதித்துவிட்டு, தட்டு தேறிவிட்டது என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டோம். எதைத் தேடப் போகிறீர்களோ அதை வைத்துச் சோதியுங்கள். அது கைவசம் இல்லையென்றால், இல்லை என்று காகிதத்தில் எழுதிவிடுங்கள். உங்கள் பெயர் பெரிதாக ஆக ஆக இன்னும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

கோயிலைத் திறந்து கிடா வெட்ட அனுமதி கிடைத்தபோது தேன்மொழியின் பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள். செம்பனைக்கு நடுவே, முன்பு ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை இருந்த இடத்துக்குப் பக்கத்தில், முனியாண்டி அரிவாளோடு நின்றார். கிடா கொழுத்திருந்தது. பூசாரி மாலை போட்டு மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார். கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதுதான் சாமி உத்தரவு. உதறாமல் யாரும் வெட்டமாட்டார்கள்.

கிடா அசையவில்லை. மறுபடி ஊற்றினார்கள். தண்ணீர் காதோரம் வழிந்தது, அது பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அசைபோட்டது. உடுக்கை நின்றது. யாரோ, “ஏதோ குத்தம் இருக்குலா” என்று முணுமுணுத்தார். அக்கா பாக்கியத்தைப் பார்த்து வேகமாகத் தலையாட்டினார், வேண்டாம் என்பது போல.

பாக்கியம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “நாந்தான், சாமி” என்றார். “நாந்தான் ஊசி போட்டேன். சாமி கிடாவுக்கு ஊசி போட்டு மறச்சேன். அதான் எம்மருமவ வயிறு போச்சு. அக்கா மேல தப்பில்ல, ஊரு பேசுனதெல்லாம் பொய்யி.” மார்பில் அடித்துக்கொண்டு ஊசியிலிருந்து தட்டு வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

தேன்மொழி பிள்ளையை இடுப்பில் வைத்தபடி நின்றாள்.  மாமியாரைப் பார்க்கவில்லை, அக்காவிடம் வந்தாள்.

“ஒங்களுக்கு இது தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“நீ ஐ.சி.யூ.ல கெடந்தப்பலேருந்து.”

“அப்பறம் ஏன் வாயத் தொறக்கல? நானே ஒங்கள எவ்வளவு பேசிருக்கேன். ஒங்க வீட்டுப் படி ஏறமாட்டேன்னு சொன்னேன்ல. அப்பவாச்சும் சொல்லிருக்கலாம்ல?”

“ஒனக்கு ஒத்தாசைக்கு வீட்டுல இருந்தது அவ ஒருத்திதான். அவளயும் வெறுத்துட்டு கைக்கொழந்தையோட என்ன பண்ணுவ?” அக்கா பிள்ளையின் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். “அதோட, தட்டு என் தட்டு, தேனு.”

 பூசாரி சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.   தேன்மொழி போய்க் கிடாவின் கழுத்து மாலையைக் கழற்றி முனியாண்டியின் காலடியில் போட்டாள். கிடாவை வெட்டவிடாமல் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

“எந்திரிங்க அத்தை” என்றாள், இன்னும் அவர் முகத்தைப் பார்க்காமலே. “வீட்டுக்குப் போலாம். பிள்ளைக்குப் பசிக்குது.”